காசு கொடுத்தா வாங்கினீங்க?

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் ஆடியோ சிடிகளைப் பார்த்ததும் கேட்பது இதுதான்: "இதையெல்லாமா காசு கொடுத்து வாங்குறீங்க?" இல்லை, ரேஷனில் போட்டார்கள்! அடுத்த வாக்கியமே, "அப்படியே பென் டிரைவில் ஏத்திக் கொடுங்களேன்." கூச்சமே கிடையாது. சென்னை பர்மா பஜாரில் ஒரே திருட்டு வட்டில் நூற்றுக்கணக்கான பாட்டை அடைத்து விற்ற காலத்துப் பழக்கம், போகுமா? சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் ஒலித் தகவல் ஓடுகிறது. இவர்கள் நெட்டில் இறக்கி வைத்திருக்கும் எம்பி3 பாட்டில் வெறும் 128. வயலின் எங்கே, தபேலா எங்கே என்று தேட வேண்டும். அதைக் கேட்க மட்டும் 70,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர்! போனுக்குக் காசு உண்டு, டேட்டாவுக்கு உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் மட்டும் கிடையாதா? இதில் இரவல் போகிற சிடி கீறலோடு திரும்பும். உள்ளே இருந்த பாடல் வரிப் புத்தகம் வரவே வராது. கேட்டால், "அதான் நெட்ல இருக்கே!"