பன்றிகள் இருமியபோது

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னியது, எனவே எல்லாத் துறை விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பதை 'ஒன் ஹெல்த்' என்கிறார்கள். மேடையில் இதை யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. எல்லாரும் தலையாட்டுகிற விஷயம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

1998 கடைசியில் மலேசியாவில், ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் பரவுவது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

கணக்கு எங்கேயோ உதைத்தது. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் வளர்ந்த ஆண்கள். அதே வீட்டில், அதே கொசுக்கடியில், பன்றியோடு புழங்காதவர்கள் நன்றாக இருந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பன்றிகள் இருமின. நாய் குரைப்பதுபோல் உரத்த இருமல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடம்பில் பெருகும், ஆனால் இப்படி இருமவைக்காது. தொழுவத்தில் ஒருநாள் நின்றிருந்தாலே காதில் விழுந்திருக்கும்.

1999 மார்ச்சில்தான் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. எல்லாம் அடங்குவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். மூலம், பழந்தின்னி வௌவால். தொழுவத்தை ஒட்டியே பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப்போட்ட பழம் பன்றிக்குத் தீனியானது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அதே 1999-இல் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் மூளைக்காய்ச்சல். செயின்ட் லூயிஸ் வகை என்றது அரசு மருத்துவத் தரப்பு. அதே நகரின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் கால்நடை நோயியல் மருத்துவராக இருந்த டிரேசி மக்நமாரா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வகை பறவைகளைக் கொல்லாது; அவர் பூங்காவிலோ பூநாரைகள் செத்துக்கொண்டிருந்தன. விடாமல் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆரம்பத்தில் யாரும் சட்டைசெய்யவில்லை. கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ்.

இரண்டு இடத்திலும் விடை ஒரு கால்நடை மருத்துவரின் கண்ணெதிரே கிடந்தது. உலக சுகாதார நிறுவனம், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு, 2022-இலிருந்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் என நான்கும் இன்று ஒரே கூட்டணி. நல்லதுதான். ஆனால் பறவையிடம் எடுத்த ஆய்வு மாதிரியும் மனிதனிடம் எடுத்த ஆய்வு மாதிரியும் அதே வாரம் ஒரே மேசைக்கு வருகிறதா, அதற்கான செலவு எந்தத் துறையின் கணக்கில் ஏறும்? நான் கேட்பது இவ்வளவுதான்.

நாடுகளுக்கு இடையிலும் இதே பிரச்சினை. பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தரமாட்டோம் என்று 2007-இல் இந்தோனேசியா சொன்னபோது பலரும் திட்டினார்கள். எங்கள் வைரஸை வைத்துத் தடுப்பூசி செய்து எங்களால் வாங்கமுடியாத விலைக்கு விற்பீர்களா என்று அது கேட்டது. அதில் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். மாதிரி தரும் நாட்டுக்கும் பலனில் பங்கு உண்டு என்பதைச் சேர்த்த ஒப்பந்தச் சட்டகம் உருவாக 2011 ஆகிவிட்டது.

சரி, உருப்படியாக நடந்ததும் உண்டு. வங்கதேசத்தில் நிப்பா ஈச்சம்பதநீர் வழியாக வந்தது. ஆய்வாளர்கள் இரவில் மரத்தில் அகச்சிவப்புக் கேமரா கட்டினார்கள். வௌவால்கள் வந்து, வடியும் பதநீரை நக்குவது பதிவானது. வௌவாலைச் சுடச் சொல்லவில்லை. பதநீர் இறக்குபவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வௌவாலை விரட்ட அவர்களில் சிலரே மூங்கில் பாவாடை மாதிரி ஒன்றை முடைந்து மரத்தின் சீவிய இடத்திலும் கலயத்தின் வாயிலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே சோதித்துப் பார்த்தார்கள். கட்டிய மரத்துப் பதநீரை வௌவாலால் பெரும்பாலும் தொடமுடியவில்லை.