டயர் தேய்ந்ததாம், ரேஸ் கெட்டதாம்

ஞாயிறு காலையிலிருந்து ஒரே ரீல்ஸை எட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். 2025 செப்டம்பரில் நடந்த பிரிஸ்டல் ராத்திரி ரேஸில், அதாவது அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில், கழற்றிப் போட்ட வலது டயர், ரப்பர் போய் உள்ளே நூல் தெரிகிறது, பின்னணியில் ஒப்பாரி, மேலே ‘ஐம்பது ரவுண்டு கேரண்டி’ என்று எழுத்து. முதல் தடவை நானும் சிரித்தேன். எட்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. அடியில் வந்த கமெண்டுகள் வேறு. “டயரே ஒழுங்காச் செய்யத் தெரியாதவனுக்கு எதுக்கு ப்ளே-ஆஃப்?” என்று, பட்டத்தை முடிவு செய்யும் கடைசிக் கட்ட ரேஸ்களைப் பற்றி ஒருவர். “சுத்தக் கூத்து.” “லெஃப்ட்ல ஒடிக்கத் தெரிஞ்சா போதும், எங்க ஊர் ஷேர் ஆட்டோக்காரரே ஜெயிப்பார்.” இந்த மூன்றாவதை எழுதியவர் ஃபார்முலா ஒன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், விவரம் தெரிந்தவர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

டயர் தேய்ந்ததால் ரேஸ் கெட்டுப்போகவில்லை ஐயா. டயர் தேய்ந்ததால்தான் அன்றைக்கு ரேஸ் என்று ஒன்று நடந்தது.

பிரிஸ்டல் என்ன மாதிரி இடம் என்று முதலில் பாருங்கள். டென்னசி மாநிலத்தில், ஒரு சுற்று 0.533 மைல், நம் கணக்கில் 860 மீட்டர் கூட இல்லை. 1992 முதல் முழுக்க கான்க்ரீட் தளம். வளைவுகளின் சாய்வு 24 முதல் 28 டிகிரி. ஒரு சுற்றுக்குப் பதினைந்து, பதினாறு வினாடி. அப்படி 500 சுற்று. கார் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் பாரம் முழுவதும் வலப்பக்க டயர்கள் மேல்தான் விழும், அதிலும் முன் வலது டயர்தான் பாவம். அதற்காகத்தான் வலப்பக்க டயரும் இடப்பக்க டயரும் ஒரே டயரே கிடையாது. ரப்பர் கலவை வேறு, சுற்றளவு வேறு, காற்றழுத்தம் வேறு. இடப்பக்கம் பாதி காற்றிறங்கிய மாதிரி இருக்கும், வலப்பக்கம் கல்லு மாதிரி இருக்கும். நான்கையும் ஒரே அளவில் வைத்து ஓட்டினால் அந்த ஷேர் ஆட்டோக்காரர் பத்துச் சுற்றுக்குள் சுவரில் இருப்பார்.

இப்போது ராத்திரிக்கு வருவோம். பலருக்கு இது வெறும் லைட் அலங்காரம். கான்க்ரீட்டில் டயர் தேயும்போது இரண்டு விதமாக நடக்கலாம். தரை நல்ல சூடாக இருந்தால் உரிந்த ரப்பர் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும், கறுப்பாக ஒரு தடம் விழும். அப்புறம் வருகிற கார்கள் ரப்பர் மேல் ரப்பராக ஓடும், தேய்மானம் அப்படியே அடங்கிவிடும். தரை குளிர்ந்திருந்தால் ரப்பர் ஒட்டாது. அழிப்பான் துகள் மாதிரி உருண்டு உருண்டு மேல் தடத்தில் போய்க் குவியும். கார்கள் கடைசிவரை மொட்டைக் கான்க்ரீட்டிலேயே ஓட வேண்டும், அது உப்புத்தாள். சூரியன் இறங்க இறங்க எந்தச் சுற்றில் எது நடக்கும் என்று பிட்டில், அதாவது டயர் மாற்றும் இடத்தில், இருக்கும் இன்ஜினியருக்கே நிச்சயமில்லை. பயிற்சியில் எடுத்த குறிப்பு ராத்திரி எட்டு மணிக்குச் செல்லாக்காசு ஆகலாம்.

கதை விடுகிறேன் என்கிறவர்கள் 2024ஐ எடுத்துப் பாருங்கள். மார்ச் மாதம் இதே பிரிஸ்டல். ரப்பர் தரையில் ஒட்டவில்லை, ஐம்பது சுற்று தாண்டுவதற்குள் டயர் காலி. நாஸ்கார் ரேஸ் நடுவிலேயே ஆளுக்கு ஒரு செட் டயர் கூடுதலாகக் கொடுத்தது. முன்னிலை 54 தடவை கை மாறியது, குறுந்தடத்தில் அதற்கு முன் நடக்காதது. டென்னி ஹாம்லின் ஜெயித்தார். ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் மிஞ்சியது ஐந்தே கார். அதே செப்டம்பரில் ராத்திரி ரேஸ். அதே டயர்தான், ஆனால் தேயவே இல்லை. கைல் லார்சன் 500ல் 462 சுற்று முன்னால் ஓடினார். சுத்தத் தூக்க மாத்திரை. அன்றைக்கு ஒரு ரீல்ஸ்கூட வரவில்லையே, ஏன்? டயர் பத்திரமாக இருந்ததே, எல்லாருக்கும் சந்தோஷம்தானே?

அந்தத் தூக்க மாத்திரைக்கு மருந்தாகத்தான் இந்த முறை வலப்பக்கத்துக்கு இன்னும் மென்மையான ரப்பர் கொண்டுவந்தார்கள். தேய வேண்டும் என்றே செய்த டயர் தேய்ந்தது. தோசைக்கல் சுடுகிறது என்று புகார் கொடுக்கிறீர்கள்.

“டயரைக் காப்பாற்ற மெதுவாக ஓட்டுவது ஒரு ரேஸா?” இதுதான் அதிகம் பேர் கேட்டது. மெதுவாக ஓட்டுவது என்றால் காலைத் தூக்கிவிட்டுச் சும்மா உருள்வது என்று நினைப்பு. நேர்க்கோடு முடிவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட வேண்டும், ஆனால் பிரேக்கை அமுக்கிக் குத்தக் கூடாது. கார் தானாக வளைவுக்குள் மூக்கைத் திருப்பும்வரை ஸ்டீயரிங்கை அதிகம் ஒடிக்கக் கூடாது, ஒடித்தால் முன் வலது டயர் உருளாமல் வழுக்கித் தேயும். வெளியே வரும்போது சீக்கிரம் மிதித்தால் பின் வலது டயர் சுழன்று தேயும். இதில் எங்கேயாவது கால் வினாடி அவசரப்பட்டால் அந்தச் சுற்றில் ஒன்றும் தெரியாது. இருபது சுற்று கழித்துத்தான் தெரியும், முதலில் லேசான அதிர்வாக, அப்புறம் கார் திரும்ப மறுத்து மேலே மேலே போவதாக. அதற்குள் பின்னால் இருப்பவன் மூன்று சுற்றாக உங்கள் பம்பரை முகர்ந்துகொண்டிருப்பான். அவன் டயரைச் சேமித்து வைத்திருக்கிறானா, அவனுடையதும் முடிந்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

டயர் மாற்ற உள்ளே போகலாமே என்பீர்கள். பச்சைக் கொடியில், அதாவது ரேஸ் முழு வேகத்தில் ஓடும்போது, உள்ளே போனால் இந்தச் சின்ன டிராக்கில் இரண்டு சுற்று வரை போச்சு. ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதித்து, சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டைக் கழற்றி மாட்டி, பத்து வினாடியில் நான்கையும் முடித்தாலும் போச்சு. நீங்கள் வெளியே வந்த மறு நிமிடம் எவனாவது சுழன்று மஞ்சள் கொடி விழுந்து எல்லாரும் மெதுவாக ஓட வேண்டி வந்தால், உள்ளே போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவன் நோகாமல் டயர் மாற்றிக்கொள்வான், நீங்கள் சுற்றுக் கணக்கில் பின்னால் நிற்பீர்கள். போகாவிட்டால் டயர் கிழிந்து சுவர். இந்தச் சூதாட்டத்தை 500 சுற்றில் பத்துத் தடவைக்கு மேல் ஆட வேண்டும்.

அந்த ரீல்ஸில் கிழிந்த டயரைக் காட்டினார்களே, அடுத்த பத்து வினாடியைக் காட்டவில்லை. கழற்றிய டயர் குப்பைக்குப் போகாது. ஒருவர் பர்னரால் சூடுகாட்டி, மேலே அப்பியிருக்கும் ரப்பர் சக்கையைத் தகட்டால் சுரண்டுவார். டயரின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். அதில் ஆழமானியின் முள்ளை விட்டு உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று அளந்து எழுதுவார். உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் சக்கரத்தின் சாய்வு அதிகம், அல்லது காற்று குறைவு. அடுத்த செட்டில் அரை பவுண்டு காற்று ஏற்றலாமா, டிரைவரிடம் “நுழையும்போது இன்னும் முன்னாடியே காலை எடு” என்று சொல்லலாமா என்பது அந்த எண்களை வைத்துத்தான் முடிவாகும். நீங்கள் சிரித்த அந்த டயர் அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

சரி, டயர் விஷயத்தில் கேவலமே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 2008, இண்டியானாபொலிஸ். தளத்தைச் செதுக்கியிருந்தார்கள், ரப்பர் தரையில் ஒட்டாமல் தூளாகப் பறந்தது, பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் டயர் தாங்காது என்று அவர்களாகவே மஞ்சள் கொடி போட்டுப் போட்டு ஓட்டினார்கள். அது ரேஸ் இல்லை, ஊர்வலம். அதைக் கேலி செய்யுங்கள், நானும் வருகிறேன். அங்கே மெதுவாக ஓட்டிப் பிழைக்க வழியில்லை. பிரிஸ்டலில் இருந்தது. காப்பாற்றினவனுக்கு நின்றது, அடித்து ஓட்டினவனுக்குக் கிழிந்தது. இந்த வித்தியாசம் புரியாதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

2022 பிரிஸ்டலைச் சிலர் இழுத்தீர்கள். புதுக் கார் வந்த வருஷம், பவர் ஸ்டீயரிங் வரிசையாகப் போனது, முன்னால் ஓடிக்கொண்டிருந்த கெசலோஸ்கிக்கு முன் வலது டயர் வெடித்தது. ஆமாம், அது மோசம்தான். மேலே போவோம்.

இந்த ரேஸில் டிரைவர் ஜோஷ் பெரியின் கார் தீப்பிடித்தது பற்றி. இதில் மட்டும் எனக்குக் கேலி கிடையாது. காக்பிட் முழுக்கப் புகை, ஜன்னல் வழியாக ஒரு மனிதன் வெளியே வருகிற வரைக்கும் மூச்சு நின்றுவிட்டது. அதை விசாரிக்க வேண்டும், அடிப்பகுதியில் ரப்பர் போய் அடையாமலிருக்க வழி செய்ய வேண்டும். ஆனால் அந்தத் தீயைக் காட்டித்தானே “மொத்த ரேஸும் டுபாக்கூர்” என்று எழுதினீர்கள்? பெரி மேல் அக்கறை என்றால் அவர் கடைசி இடத்தோடு வெளியேறியதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கும்.

“குட்இயர் உனக்கு எவ்வளவு தருகிறான்?” என்று ஒரு தம்பி. நாஸ்காருக்கு டயர் செய்யும் கம்பெனி அது. ஒரு தொப்பிகூடத் தரவில்லை தம்பி.

அந்த ஃபார்முலா ஒன் நண்பருக்குத் தனியாக ஒன்று. 2010 கனடாவில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் எதிர்பாராமல் சீக்கிரம் தேய்ந்தது, ரேஸ் பிரமாதமாக இருந்தது, எல்லாரும் கொண்டாடினீர்கள். அதைப் பார்த்துத்தானே அடுத்த வருஷம் வந்த பிரெல்லி டயர் கம்பெனியிடம் ‘தேய்கிற டயர் செய்து கொடு’ என்று கேட்டார்கள்? அங்கே தேய்ந்தால் வியூகம், இங்கே தேய்ந்தால் கூத்து. அங்கே ஒருவர் டயரைச் சேமித்தால் மேதை, இங்கே சேமித்தால் மாட்டு வண்டி. நல்ல நியாயம்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். 2005, அதே இண்டியானாபொலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரீ. நீங்கள் கேலி செய்யும் ஓவலின், அதாவது இடப்பக்கமே திரும்பும் நீள்வட்டத் தடத்தின், ஒரே ஒரு சாய்ந்த வளைவு, பதின்மூன்றாம் வளைவு. அதை மிச்செலின் டயர் தாங்காது என்று பதினான்கு கார்கள் ஓடாமல் ஒதுங்கின. மிச்சம் ஆறு கார்தான் ஓடியது. அந்த ஆறில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அதைப் பெருமையாகப் போஸ்டர் போடுகிறீர்கள், போட வேண்டியதுதான். ஆனால் ஒரு வளைவின் சாய்வு டயரை என்ன பாடுபடுத்தும் என்று அன்றைக்கு உலகமே பார்த்ததே? பிரிஸ்டலில் சுற்றுக்கு இரண்டு முனையிலும் அந்தச் சாய்வு இருக்கிறது, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு செங்குத்தாக.

அதே நரேன் 2010ல் நாஸ்கார் டிரக் தொடருக்குப் போனார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ரேஸ், பதின்மூன்றாம் இடம். கூரை வைத்த கனமான வண்டி, வாழ்க்கையில் பழகாத ஓவல், இடிப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள். வருஷ முடிவில் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான டிரைவர் விருது அவருக்கு, ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் “ஃபார்முலா ஒன்ல இடம் கிடைக்கல, அதான் அங்க போயிட்டார்” என்றுதான் பேசினார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டிய நம் ஊர்க்காரரே போய்த் திணறிக் கற்றுக்கொண்ட வேலை அது. அதைத்தான் பதினைந்து வருஷம் கழித்து ‘லெஃப்ட்ல ஒடிக்கத் தெரிஞ்சா போதும்’ என்கிறீர்கள்.

ப்ளே-ஆஃப் முறையைத் திட்டினீர்கள் பாருங்கள், அதில் மட்டும் நான் கொஞ்சம் உங்கள் பக்கம். 2025 வரை இருந்த முறை இது: 26 ரேஸ் ஓட்டிப் பதினாறு பேர், மூன்று மூன்று ரேஸுக்கு நாலு நாலு பேராக வெட்டி, கடைசி ஒரே ரேஸில் நாலு பேர். 2024ல் ஜோயி லொகானோ சராசரி பதினேழாம் இடத்தை வைத்துக்கொண்டு சாம்பியன். 2025ல் ஷேன் வான் கிஸ்பெர்கன், நியூசிலாந்துக்காரர், நான்கு ரேஸ் ஜெயித்தவர், மெக்சிகோ, சிகாகோ, சொனோமா, வாட்கின்ஸ் கிளென், நான்கும் இரு பக்கமும் திரும்பும் தடங்கள். முதல் கட்டத்தில் டார்லிங்டன், கேட்வே, பிரிஸ்டல், மூன்றும் ஓவல். முடிந்தது. போமன், ஆஸ்டின் டில்லன், பெரியோடு அவரும் வீட்டுக்கு. அடுத்த கட்டத்தின் கடைசி ரேஸ் சார்லட் ரோவல், ஓவலோடு இரு பக்க வளைவுகளும் கலந்த தடம், அவருக்கு அல்வா மாதிரியான டிராக். அங்கே அவர் ஜெயித்தாலும் இனிப் பட்டத்துக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. எரிச்சலாக இருக்கிறதா? எனக்கும்தான். ஆனால் அந்த எரிச்சலை டயர் மேல் காட்டாதீர்கள். பிரிஸ்டலில் கிறிஸ்டோபர் பெல் ஜெயித்தார் என்றால் டயரைக் கிழியாமல் கொண்டுவந்து சேர்த்தார். முதல் கட்டத்தின் மூன்று ரேஸும் ஜோ கிப்ஸ் என்ற ஒரே அணிக்கே போயிருக்கிறது, பிரிஸ்கோ, ஹாம்லின், பெல். மூன்று கார்களுக்கும் டயர் கொடுத்தது அதே கம்பெனிதான்.

1995ல் இதே ராத்திரி ரேஸில் எர்ன்ஹார்ட் பின்னாலிருந்து இடித்ததில் டெர்ரி லபோன்டி நொறுங்கிய காரோடு கோட்டைத் தாண்டி ஜெயித்ததை யூடியூபில் பார்த்து “என்னா ரேஸ்டா!” என்று எனக்கே அனுப்பியவர்களில் இருவர், இந்த ரீல்ஸையும் அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

அடுத்த ரேஸ் 2025 செப்டம்பர் 21, நியூ ஹாம்ப்ஷயர். அங்கே பகல், நமக்கு ராத்திரி பதினொன்றரை. இந்தத் தடவை முழு ரேஸையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ரீல்ஸாக வந்தால் திறக்க மாட்டேன்.