பத்தரை முதல் பன்னிரண்டு வரை

சாய்ந்து கிடக்கும் குறுவை நெல்லை அறுக்க நான்கு நாள் அலைந்து பிடித்த இயந்திரம், இன்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வயலோரம் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வரப்பில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. "வண்டியை இறக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று பெரியப்பா திரும்பிவிட்டார். தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, மறுபடியும் திருநீறு பூசிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. ஓட்டுநர் சாவியில் கை வைத்தார். "இன்னும் ஐந்து நிமிடத்தில் ராகு காலம், பன்னிரண்டுக்கு மேல் இறக்கலாம்" என்றார் பெரியப்பா. மேற்கே கறுத்திருந்த வானத்தை நான் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். பதினொன்றே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது.

அந்தப் பூனை வரப்பு எலியைப் பிடிக்க வந்த உயிர். பூனைத் தலை கொண்ட பாஸ்டெட் என்ற தெய்வத்தை வணங்கிய பண்டைய எகிப்தியருக்கு, எலியிடமிருந்து தானியத்தைக் காப்பது எது என்று தெரிந்திருந்தது. ஜப்பானியக் கடைகளில் கை உயர்த்திய பூனைப் பொம்மைதான் அதிர்ஷ்டத்தை அழைக்கிறது. நெல்லை நம்பிப் பிழைக்கும் காவிரிக் கரையில் மட்டும் பூனை ஏன் அபசகுனமாக வேண்டும்?

சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிதான் ராகு. கிரகணத்தை முன்கூட்டிக் கணித்த நம் முன்னோரின் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால், பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றரை மணி நேரத்தை அந்தப் புள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முற்றிய கதிரை மழைக்கு விட்டுக் காத்திருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இத்தாலியர் 17 என்ற எண்ணுக்கு அஞ்சுகிறார்கள். அதன் ரோமானிய எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'வாழ்ந்து முடித்தேன்' என்ற லத்தீன் சொல் வருகிறது என்பது காரணம். எனக்கும் 17 அச்சம் தருகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். நனைந்த நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறிக் காய வைத்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும்.

இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. சேற்றில் படிந்த கதிர் ஒரு வாரம் தாங்காது, முளைவிட்டுவிடும். இனி அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் வர முடியும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம் என்று பெரியப்பா இப்போதே சொல்லியாகிவிட்டது.