நிஜமில்லை என்று தெரியும், உடம்பு கேட்கணுமே

இணையத்தில் யாரையாவது நாலு பேர் சேர்ந்து கண்டபடி திட்டினால் உடனே ஒரு அறிவுரை வரும். "போனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பாருங்க, அது என்ன நிஜமா?" கண்ணில் மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் உருவாக்கிய உலகத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் விஆர் ஹெட்செட் பற்றிப் பேச்சு வந்தாலும் இதே பல்லவிதான். பொம்மை உலகம், கழற்றினால் முடிந்தது. எனக்கு இந்தப் பேச்சு ஒத்துக்கொள்ளவே இல்லை. நிஜமில்லை என்று மூளைக்குத் தெரியும், சரி. உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

2006இல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உத்தரவு போட்டால் மனிதன் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவான் என்று பார்க்க அறுபதுகளில் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய அந்தப் பேர்போன மின்சார ஷாக் பரிசோதனையை விஆரில் செய்து பார்த்தது இது. எதிரே ஒரு கிராபிக்ஸ் பெண். வார்த்தை ஜோடிகளை நினைவு வைத்துச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் நீங்கள் ஷாக் பொத்தானை அமுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் வோல்டேஜ் ஏறும். அந்தப் பெண் வலிக்கிறது என்கிறாள், நிறுத்துங்கள் என்கிறாள். அவள் வெறும் கம்ப்யூட்டர் உருவம் என்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், அந்தக் காலத்துக் கிராபிக்ஸில் யாரும் ஏமாறவும் வழியில்லை. அப்படியும் இதயம் படபடத்தது, கை வியர்த்தது, சிலர் "போதும்" என்று பாதியிலேயே எழுந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விஷயம். ஒரு சிலருக்கு மட்டும் அந்தப் பெண்ணின் முகத்தையும் குரலையும் காட்டாமல், எழுத்தில் மட்டும் பதில் வரும்படி செய்திருந்தார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைவு. கமென்ட் பாக்ஸில் நம்ம ஆட்கள் எழுதுவதை இதோடு வைத்துப் பாருங்கள். திட்டுகிறவனுக்கு எதிராளியின் முகம் தெரியாது, அதனால் கை நடுங்காது. வாங்கிக்கொள்கிறவருக்கோ ராத்திரி இரண்டு மணிக்கும் தூக்கம் வராமல் அந்த நாலு வரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அடிக்கிறவன் பக்கம் பொய், அடி வாங்குகிறவர் பக்கம் நிஜம். இணையத்தின் பாதி வன்மம் இந்தக் கோணலில்தான் வளர்கிறது என்பது என் எண்ணம்.

உடம்பு இப்படி நம்பிவிடுவது கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன் என்பவர் தீக்காய நோயாளிகளுக்காக ஸ்னோவேர்ல்ட் என்று ஒரு விஆர் விளையாட்டை உருவாக்கினார். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வருகிற வலி சாதாரண வலி இல்லை, மருந்து கொடுத்தும் அடங்காதது. அந்த நேரத்தில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பென்குயின்கள் மேல் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். வலி குறைந்ததாக நோயாளிகளே சொன்னார்கள். பிறகு ஆரோக்கியமானவர்களுக்கு லேசான சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, வலி சம்பந்தப்பட்ட பகுதிகளின் செயல்பாடும் குறைந்திருந்தது. இல்லாத பனி வலியைக் குறைக்கும் என்று பெருமையாக ஏற்றுக்கொள்கிறோம். அப்புறம் இல்லாத கை தொட்டால் மட்டும் எப்படி ஒன்றுமே ஆகாமல் போகும்?

ஏனென்றால் அதுவும் நடந்தது. 2021 கடைசியில், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற விஆர் உலகத்தில், சோதனைக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெண், தன் உருவத்தை ஒருவன் தகாத முறையில் தொட்டதாகப் புகார் செய்தார். பாதுகாப்பு வசதி இருக்கிறதே, அவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிற மாதிரிதான் நிறுவனத் தரப்பின் முதல் பேச்சு. பஸ்ஸில் உரசினவனை விட்டுவிட்டு "நீ ஏம்மா தள்ளி நிற்கலை" என்று கேட்கிற அதே குரல்! 2022 பிப்ரவரியில்தான், உருவங்களுக்கு நடுவே ஏறத்தாழ நாலடி இடைவெளி தானாகவே இருக்கும்படி மாற்றினார்கள். அந்த நாலடியை முதல் நாளே வைத்திருக்கலாம்.

பொய் என்று தெரிந்தே மனம் கரைவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில், துரியோதனன் சாவை நடித்துக் காட்டும் படுகளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் நீட்டிப் படுத்திருக்கும் துரியோதனன் வெறும் மண், காலையில்தான் பிசைந்து செய்தது. ஆனால் அங்கே ஒப்பாரி வைக்கும் பெண்களின் அழுகையில் பொய் கிடையாது, அவரவர் வீட்டுச் சாவும் அதில் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் அங்கே ஊரே சுற்றி நிற்கிறது, பொழுது சாய்ந்தால் முடிந்துவிடும், பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவாள்.

2020இல் தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி, ஏழு வயதில் நோயால் இறந்துபோன மகளை விஆரில் உருவாக்கி அம்மாவோடு பேச வைத்தது. கையுறை மாட்டிய அந்த அம்மாவின் கை காற்றில் ஒரு குழந்தையின் கன்னத்தைத் தேடும். அதைப் பார்த்துவிட்டு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை விடைபெற அது உதவலாம். ஆனால் இதே வசதி நாளைக்கு மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் என்று ஆகிவிட்டால்? எப்போது போதும் என்று சொல்ல வேண்டியவர் யார், சந்தா வாங்குகிறவரா?

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். மெட்டா தன் ஹெட்செட்டுக்கான வயது வரம்பை 13இலிருந்து 10 ஆகக் குறைப்பதாக 2023இல் அறிவித்தது, பெற்றோர் அனுமதியோடு. நம்ம ஊர் மால்களில் அந்தப் பத்தும் கிடையாது. பேய் வீடு, ரோலர் கோஸ்டர் என்று போர்டு வைத்து நாற்காலியை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் நான் பார்த்தது, ஆறு வயதுகூட இருக்காது, ஹெட்செட் மூக்கில் நிற்காமல் சரிகிறது, ஊழியர் பின்பக்கப் பட்டையை இறுக்குகிறார். பேய் வந்ததும் பிள்ளை வீறிட்டு அழ, அப்பா சிரித்தபடி வீடியோ எடுத்துக்கொண்டே "ஒண்ணும் இல்லடா, சும்மா படம்" என்கிறார். பிள்ளையின் இரண்டு கையும் நாற்காலிப் பிடியை விடவில்லை. டிக்கெட் கொடுக்கும்போது ஊழியர் கேட்டது ஒரே கேள்விதான், ஜிபேயா கேஷா என்று. வயதைக் கேட்கச் சொல்லி அங்கே ஒரு சட்டமும் இல்லையென்றால், முதலில் அதைக் கொண்டுவாருங்கள்.