லாஸ்லோ பாப்புக்கு உலகப் பட்டம் ஏன் இல்லை

குத்துச்சண்டையின் மிடில்வெயிட் எடைப்பிரிவு ஜாம்பவான்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஹங்கேரியின் லாஸ்லோ பாப் விடுபட்டுப் போகிறார். கேட்டால் "உலகப் பட்டம் ஜெயிக்கலையே" என்கிறார்கள். மோத விட்டால்தானே ஜெயிப்பதற்கு!

1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன். மூன்றிலும் தங்கம். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அதுவரை யாரும் செய்யாதது. மெல்போர்ன் இறுதியில் அவரிடம் தோற்ற ஹோசே டோரஸ், 1965இல் லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனார். அந்த மெல்போர்ன் போட்டி, புடாபெஸ்டுக்குள் சோவியத் டாங்குகள் புகுந்த அதே நவம்பரில் தொடங்கியது. ஹங்கேரி வீரர்கள் பலர் ஊர் திரும்பவில்லை. பாப் திரும்பினார்.

அவர் இடதுகைக்காரர். வலது கால் முன்னே, வலது கையில் ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து), பலமான இடது கை பின்னே. எதிரே வலதுகைக்காரர் நின்றால் இருவரின் முன்கால்களும் ஒன்றையொன்று இடிக்கும். சண்டையில் பாதி அந்தக் கால் தகராறுதான். தன் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே ஊன்றிவிட்டால் இடது குத்து நேர்கோட்டில் பாயும். தாடையும் திறந்து கிடக்கும், வலது விலாவுக்கு அடியில் கல்லீரலும் திறந்து கிடக்கும். கால் உள்ளே மாட்டினால் எதிராளியின் வலது கை முகத்தில் இறங்கும்.

1957இல், 31 வயதில், தொழில்முறைக்கு வந்தார். ஹங்கேரியில் அதற்கு இடமில்லை என்பதால் வியன்னாதான் களம். அமெச்சூரில் மூன்று ரவுண்டு, மொத்தம் 9 நிமிடம். பட்டச் சண்டை என்றால் அப்போது 15 ரவுண்டு, 45 நிமிடம். முதல் ரவுண்டிலேயே முழு வேகத்தில் அடித்துப் பழகியவர் அதே வேகத்தில் போனால் பாதியில் கை கனத்துவிடும், கால் நின்றுவிடும். மூச்சைப் பங்குபோட அந்த வயதில் கற்றுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. 1962 மே மாதம் டென்மார்க்கின் கிறிஸ் கிறிஸ்டென்சனை வீழ்த்தி ஐரோப்பியப் பட்டம் வென்றார். ஆறு முறை காப்பாற்றினார். பாரிஸ், டார்ட்மண்ட், மாட்ரிட், கோபன்ஹேகன் என்று எதிராளியின் ஊருக்கே போய் ஆடினார். சொந்த நாட்டு ரசிகர் முன் ஒரு முறைகூட இல்லை. மொத்தம் 29 சண்டை: 27 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை.

அப்போது உலகப் பட்டம் அமெரிக்காவின் ஜோயி ஜியார்டெல்லோவிடம். அவரோடு மோதும் பேச்சு வந்த நேரத்தில், 1965இல், ஹங்கேரி அரசு அனுமதியை ரத்து செய்தது. காசுக்குச் சண்டை போடுவது சோசலிசத்துக்கு ஒவ்வாதாம். பாப் ஜெயித்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஜியார்டெல்லோ லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் நடக்காத சண்டையை அவர் கணக்கில் குறையாக எழுதுவது அநியாயம்.

சர்வதேச குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேம் 2001இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, உலகப் பட்டம் இல்லாமலே. பட்டியல் போடுபவர்களுக்கு என்ன தயக்கம்?