லெ குவினை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது?

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரே அமைப்புதான். வாழ்க்கை, அறிவியல் புனைவுகள், மிகுபுனைவுகள் (ஃபேன்டசி), பிற படைப்புகள், விருதுகள், திரைவடிவங்கள். தலைப்புகளைப் போட்டு, கீழே தெரிந்ததை நிரப்பி, தகவற்பெட்டியில் படத்தைச் சேர்த்தால் கட்டுரை தயார். பல எழுத்தாளர்களுக்கு இது போதும். லெ குவினுக்கு இப்படிச் செய்தால் ஆளே மாறிப்போகிறார். விக்கிப்பீடியா நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகில் நடக்கும் மந்திரவாதி நாவல்களை எடுத்துக்கொள்வோம். 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968. 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' 1971. 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' 1972. அப்புறம் 18 ஆண்டுகள் எர்த்ஸீயில் நாவலே கிடையாது. 1990இல் 'தெஹானு' வருகிறது, 2001இல் இன்னும் இரண்டு நூல்கள். "மிகுபுனைவுகள்" என்ற தலைப்பின் கீழ் இவற்றை வரிசையாக எழுதிவிட்டால், ஆறு நூல்கள் கொண்ட ஒரு தொடர் என்று வாசகர் மனதில் குறித்துக்கொண்டு போய்விடுவார். அந்த 18 ஆண்டு இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் நூலில் ரோக் தீவின் மந்திரப் பள்ளி முழுக்க ஆண்களுக்கானது. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று காண்ட் தீவில் பழமொழியே இருக்கிறது. கதையும் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. 'தெஹானு'வில் நடுவயதுக் கைம்பெண் டெனார் மையத்துக்கு வருகிறாள். மூன்று நூல்களாக நாம் வியந்து பார்த்த மந்திரவாதி கெட், சக்தியை எல்லாம் இழந்து அவளிடம் வந்து சேர்கிறான். ஆடு மேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்ப்பது என்று போகிற நாவல். முதல் மூன்றையும் சிறுவயதில் படித்து வளர்ந்த வாசகர்களில் சிலருக்கு இது பிடிக்கவே இல்லை. 2001இல் வந்த கதைத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னால் வந்தவர்கள்தான் அவர்களை வெளியே தள்ளினார்கள் என்று அதில் தெரியவருகிறது. முதல் நூல் சொன்ன வரலாற்றை, எழுதியவரே முப்பது ஆண்டுகள் கழித்து வந்து திருத்துகிறார்.

இடையில் என்ன நடந்தது என்று தேடினால் பதில் "அறிவியல் புனைவுகள்" பகுதியில் கிடக்கிறது. 1969இல் வந்த 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', நிலையான பால் இல்லாத மனிதர்கள் வாழும் கெத்தன் என்ற கோளைப் பற்றியது. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டும் கிடைத்தன. ஆனால் ஆணும் பெண்ணும் அல்லாத அந்த மனிதர்களை நாவல் நெடுக ஆண்பாலில் குறித்தது பெண்ணியவாதிகளின் விமர்சனத்துக்கு உள்ளானது. 1976இல் ஒரு கட்டுரையில் தன் தரப்பை நியாயப்படுத்தினார் லெ குவின். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டே, அதே கோளில் நடக்கும் தன் பழைய சிறுகதை ஒன்றைத் தொகுப்பில் சேர்த்தபோது பெண்பாலுக்கு மாற்றியிருந்தார். 1980களின் இறுதியில் அந்தக் கட்டுரையை மறுபடி அச்சிட்டார். பழைய வரிகளில் கை வைக்கவில்லை. பக்கத்திலேயே தன் மறுப்புகளைக் குறிப்புகளாகச் சேர்த்தார். அடுத்து வந்த எர்த்ஸீ நாவல்தான் 'தெஹானு'.

இப்போது அந்த ஆறு தலைப்பு அமைப்பைப் பாருங்கள். கெத்தன் நாவல் அறிவியல் புனைவில் போகும். கட்டுரை "பிற படைப்புகள்" பகுதியில் போகும். 'தெஹானு' மிகுபுனைவில். ஒரு மனுஷி தன்னோடு தானே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வாக்குவாதம் மூன்று இடங்களில் சிதறி, எதுவும் எதோடும் ஒட்டாமல் நிற்கும். கட்டுரையில் உள்ள ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், சான்றும் இருக்கும். ஆனாலும் அவரைப் பற்றிய முக்கியமான விஷயம் வாசகருக்குக் கிடைக்காது.

அதனால் என் யோசனை: படைப்புகள் பற்றிய பகுதியைக் கால வரிசையில், உரைநடையாக எழுத வேண்டும். தொடர் வாரியான பட்டியல் வேண்டுமென்றால் கட்டுரையின் கடைசியிலோ தனிப் பக்கத்திலோ அட்டவணையாகப் போகட்டும்.

"எந்த வரிசையில் படிப்பது என்று தெரிந்துகொள்ளத்தானே பலர் வருகிறார்கள்" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஹைனிஷ் நாவல்களில், அதாவது ஒரே பின்னணியில் வெவ்வேறு கோள்களில் நடக்கும் அவருடைய அறிவியல் புனைவுகளில், அந்த வரிசையே சிக்கல். அவற்றைத் திட்டமிட்ட ஒரு தொடராக எழுதவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1966இல் வந்த 'ரோகனன்ஸ் வேர்ல்ட்' நாவலிலேயே ஆன்சிபிள் இருக்கிறது: நட்சத்திரங்களுக்கு இடையே நொடி தாமதமில்லாமல் செய்தி அனுப்பும் கருவி. அதற்கு அடிப்படையான கோட்பாட்டைக் கண்டுபிடிக்கும் இயற்பியலாளர் ஷெவெக்கின் கதை, 'தி டிஸ்பொசெஸ்ட்', 1974இல்தான் வருகிறது. கதைக்குள் ஓடும் காலப்படி அடுக்கினால் ஷெவெக் முதலில் வந்துவிடுவார். போகிற போக்கில் உருவாக்கிய ஒரு கருவிக்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு மனிதரையும் ஒரு சமூகத்தையும் கற்பனை செய்து பின்னால் நிறுத்தினார் என்பது மறைந்துவிடும். எனக்கு அந்த நாவலை விட இந்தச் செய்திதான் சில நேரம் சுவாரஸ்யமாகப் படுகிறது, அது வேறு கதை.

சரி, அறிவியல் புனைவு, மிகுபுனைவு என்ற பிரிப்பாவது நிற்குமா? 1962இல் 'ஃபென்டாஸ்டிக்' இதழில் வந்த 'ஏப்ரல் இன் பாரிஸ்' கதையில், பதினைந்தாம் நூற்றாண்டு ரசவாதி ஒருவர் மந்திரம் போட்டு இருபதாம் நூற்றாண்டுப் பேராசிரியரைத் தன் அறைக்கு இழுத்துவிடுகிறார். காலப் பயணம் என்பதால் அந்தப் பெட்டியா, மந்திரம் என்பதால் இந்தப் பெட்டியா? 'ரோகனன்ஸ் வேர்ல்ட்' நாவலின் முன்கதையும் அப்படித்தான். தொலைந்த கழுத்தணியைத் தேடிப் போன சீமாட்டி ஒரு இரவில் திரும்பிவிட்டதாக நினைக்கிறாள், வீட்டிலோ பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பட்டமான தேவதைக் கதை. ஆனால் ஆண்டுகளைத் தின்றது ஒளிவேகத்தை நெருங்கும் விண்கலப் பயணம்.

இதைவிடப் பெரிய இடி ஓர்சினியா. மத்திய ஐரோப்பாவில் இருப்பதாக லெ குவின் கற்பனை செய்த நாடு. விண்கலமும் இல்லை, மந்திரமும் இல்லை. 1950களில் அவர் எழுதிய ஓர்சினியா நாவல்களைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1961இல் அச்சேறிய அவருடைய முதல் சிறுகதை அங்கேதான் நடக்கிறது. 'ஓர்சினியன் டேல்ஸ்' 1976இலும் 'மலாஃப்ரெனா' 1979இலும் வந்தன. வகை வாரிக் கட்டுரையில் இவை "பிற படைப்புகள்" என்று கடைசியில் ஒதுங்கும். எழுத்து வாழ்க்கை தொடங்கிய இடத்தைக் கட்டுரையின் வாலில் வைப்பது என்ன நியாயம்?

வாழ்க்கைப் பகுதிக்கு நான் அதிக இடம் கொடுக்க மாட்டேன். 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறப்பு, 1953இல் பிரான்ஸுக்குப் போகும் கப்பலில் சார்லஸ் லெ குவினைச் சந்தித்து அதே ஆண்டு பாரிஸில் திருமணம், பிறகு போர்ட்லாந்து, 2018இல் மறைவு. ஆனால் பெற்றோரைப் பற்றி நன்றாகவே எழுத வேண்டும். அப்பா ஆல்ஃபிரெட் க்ரோபர் மானிடவியலாளர். அம்மா தியோடோரா க்ரோபர், யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியைப் பற்றி 1961இல் நூல் எழுதியவர். இங்கே ஒரு எச்சரிக்கை. இஷி இறந்தது 1916இல், லெ குவின் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு. இஷியின் மடியில் கதை கேட்டு வளர்ந்தவர் என்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருதுப் பட்டியல் நீளமானது, அட்டவணையாக இருப்பதே வசதி. ஆனால் வேண்டாம் என்று சொன்ன விருதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம்முக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் தகுதியை அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் பறித்தது. அதைக் கண்டித்து 1977இல் தன் குறுநாவல் ஒன்றை நெபுலா போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார் லெ குவின். பரிசு ஐசக் அசிமோவுக்குப் போனது. இதை உரைநடையில்தான் சொல்ல முடியும், அதுவும் 1977க்கு உரிய இடத்தில்.

முதல் வரியில் என்ன எழுதுவது என்பதிலும் சண்டை வரும். தன்னை அமெரிக்க நாவலாசிரியர் என்று சொல்வதையே விரும்புவதாக அவர் கூறியதுண்டு. அதற்காக "அறிவியல் புனைவு எழுத்தாளர்" என்பதை நீக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2014இல் அமெரிக்காவின் தேசிய நூல் அறக்கட்டளை பதக்கம் கொடுத்தபோது, இத்தனை காலம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட தன் சக கற்பனை எழுத்தாளர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதாக மேடையிலேயே சொன்னவர் அவர். முன்னுரையில் இரண்டும் இருக்கட்டும்.

திரைவடிவங்களுக்குத் தனித் தலைப்பு கொடுப்பதில் தவறில்லை, சுருக்கமாக. 2004இல் வந்த எர்த்ஸீ தொலைக்காட்சித் தொடரில் கெட் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகரைப் போட்டதை லெ குவின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். அந்தச் சர்ச்சையை அங்கே எழுதிக்கொள்ளலாம். ஆனால் கெட் செம்பழுப்பு நிறத்தவன், எர்த்ஸீயில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர் என்ற தகவல் 1968ஆம் ஆண்டைப் பற்றி எழுதும் பத்தியிலேயே வர வேண்டும்.