சந்திரபாபு வாயசைத்தவர் அல்ல

தம்பி, “சந்திரபாபு கொழும்பில் பிறந்த எங்கட ஆள், வெறும் நகைச்சுவை நடிகர், பாட்டெல்லாம் வேறு யாரோ பாட வாயசைத்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்புக் கதையில் பாதிதான் சரி. அவர் பிறந்தது 1927இல், தூத்துக்குடியில். தகப்பன் விடுதலைப் போராட்டக்காரர். வெள்ளைக்காரன் நாடுகடத்தியதால் குடும்பம் கொழும்புக்கு வந்தது. படித்தது அங்கேதான்.

பாட்டு விசயம் முழுப் பிழை. உண்மையில் அவர்தான் மற்றவருக்குக் குரல் கொடுத்தவர். 1954இல் வந்த ‘பெண்’ படத்தில் எஸ். பாலச்சந்தர் (வீணை பாலச்சந்தரேதான்) வாயசைக்கும் கல்யாணப் பாட்டைப் பாடியவர் சந்திரபாபு. ‘புதையல்’ படத்து ‘உனக்காக எல்லாம் உனக்காக’, ‘மரகதம்’ படத்து ‘குங்குமப்பூவே’ எல்லாம் அவருடைய சொந்தக் குரல். தொண்டையை உடைத்து மேலே ஏற்றும் அந்த யோடலிங் வேறு யாருக்கு வரும்?

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இலங்கையின் வன்னியில் இருக்கும் மல்லாவியில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் கேசட் போட்டுப் பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் இழுபடும். சந்திரபாபு பாட்டு என்றால் மட்டும், டைனமோ இழுக்கிறதா, மனுசன்தான் குரலை வளைக்கிறாரா என்று பிடிபடாது.

அப்புறம், “வெறும் நடிகர்” என்றீர்களே. 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை எழுதி, இயக்கி, நடித்தவரும் அவர்தான். ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தில் அவர் பாடிய ‘பிறக்கும்போதும் அழுகின்றாய்’ பாட்டை ஒருக்கால் கேட்டுவிட்டு வாருங்கள், மிச்சத்தைக் கதைப்போம்.